மச்சான் பேரில் வந்த அருவி

என் மச்சான் வெர்லின் தபால் பெட்டிக்குக்கூட வண்டியில் போகிறவன். கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் ஊர் கிங்மேனை விட்டு மேற்கே மலையைத் தாண்டினால் கோல்டன் வேலியில் அவன் வீடு. வீடென்றால் லாரியில் கொண்டுவந்து இறக்கிய நீளமான தகர வீடு. வாசலில் நின்று பார்த்தாலே தபால் பெட்டியில் பிடித்த துரு தெரியும், அவ்வளவு பக்கம். அதற்கு அவன் சாவியைத் தேடி எடுத்து, வண்டியைக் கிளப்பி, போய், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கடிதத்தை உருவிக்கொண்டு, அப்படியே பின்பக்கமாக ஓட்டி வருவான். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“இறங்கி நடந்தா என்ன மச்சான்?”

“தேள் இருக்கும் மாப்ளே.”

பிப்ரவரி மாதக் குளிரில் தேளாம்.

அவனுக்கு காஸ் லாரி ஓட்டுகிற வேலை. பண்ணை வீடுகளுக்கு வெளியே நிற்கும் வெள்ளைத் தொட்டிகளில் சமையல் காஸ் நிரப்புவான். அந்த வட்டாரத்தில் கடிக்காத நாய் கிடையாது, வெர்லினைக் கடித்த நாயும் கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் நாய் பிஸ்கட் வைத்திருப்பான். சில சமயம் மறந்துபோய் அவனே தின்றுவிடுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாய்வு நாற்காலியில் விழுவான், காலைத் தூக்கிக்கொள்வான், அதோடு அன்றைய உலகம் முடிந்தது. ஒருமுறை வாண்டா என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தன்று ஒரே ஒரு பாட்டுக்காவது தன்னோடு ஆட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். உட்கார்ந்துகொண்டே ஆடலாமா என்று இவன் கேட்டான். கல்யாணம் நின்றுபோனது. காரணம் அதுதான் என்று ஊர் சொன்னது, இவனும் இல்லையென்று சொல்லவில்லை.

என் மனைவி லவோன் அவனுக்கு அக்கா. அவர்கள் அம்மா நெடுஞ்சாலை ஓட்டலில் ராத்திரி வேலை பார்த்தவர். அதனால் தம்பிக்குச் சோறு போட்டது, தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியது எல்லாம் லவோன்தான். துரத்துவதை இன்னும் நிறுத்தவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிப்பதும் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவதும் இவள்தான். அவனுடைய பிறந்த தேதி, லைசென்ஸ் எண், இரத்த வகை எல்லாம் இவள் நாக்கு நுனியில் இருக்கும். என் பிறந்தநாள் மட்டும் சில வருஷம் மறந்துவிடும்.

அந்தப் பல் டாக்டர் வீட்டுச் சுவரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அங்கே ஹவாசு அருவியின் படம் மாட்டியிருக்கும். சிவப்புப் பாறை, அதிலிருந்து கொட்டுகிற தண்ணீர், கீழே சோப்புத் தண்ணீரில் நீலம் கலந்த மாதிரி ஒரு நிறம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் சாலை முடிந்துவிடும், அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் நடை. ஜெர்மனியிலிருந்து வருகிறான், ஜப்பானிலிருந்து வருகிறான், குளிக்கிறான், படம் எடுத்துக்கொண்டு போகிறான். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும்போது மட்டும் பார்க்கிறோம். லவோனுக்கு அது தாங்கவில்லை.

“சாகறதுக்குள்ள அந்தத் தண்ணியில ஒரு தடவை காலை நனைக்கணும், ஹார்லன்,” என்பாள்.

“கொல்லையில குழாயைத் திறந்துவிடறேன், நனைச்சுக்கோ,” என்பேன். ஆனால் அவளோடு சேர்ந்து வருஷா வருஷம் அங்கே போய்த் தங்குகிற அனுமதிக்கு மனுப்போட்டது நானும்தான். அது லேசில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. பதிவு திறந்த அன்றைக்கு உலகமே வாசலில் நிற்கும், அப்புறம் குலுக்கல். எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் பட்டை நாமம்.

இந்த வருஷம் அவள் முன்னெப்போதையும்விட மும்முரமாக இருந்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் சிமெண்ட் தரையில் நின்ற முழங்கால்கள். வலது முழங்காலைத் திறந்து மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் என்று தேதி வாங்கியிருந்தாள். அதற்கப்புறம் மூட்டை சுமந்து மலையிறங்க முடியுமா என்று கேட்டால் டாக்டர் கூரையைப் பார்க்கிறார். ஆக, போனால் இந்த மே மாதம். இல்லாவிட்டால் பல் டாக்டர் வீட்டுச் சுவர்தான்.

அப்போதுதான் ட்ரூடி ஒரு யோசனை சொன்னாள். ட்ரூடி எங்கள் பக்கத்து வீடு, ஆறு வருஷமாக எங்களோடு சேர்ந்து மனுப்போடுகிறவள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஆனால் கழுத்தில் தொங்கிய விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நாயைக் கூப்பிடவும் அதைத்தான் ஊதுவாள்.

“நாம மூணு பேரும் நம்ம பேரை மட்டும் போடறோம். அதான் தப்பு. ஆளுக்கு இன்னொரு பேரையும் சேத்துப் போடுவோம். யார் பேர்ல விழுந்தா என்ன, போகப்போறது நாமதானே?”

பேருக்குச் சொந்தக்காரர்களைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ட்ரூடி டல்சாவில் இருக்கிற தன் தங்கை பேரைப் போட்டாள். நான் என் அண்ணன் பேரைப் போட மாட்டேன் என்றேன். விழுந்தால் அவனே போய்விடுவான், எங்களுக்குப் படம் மட்டும் அனுப்புவான். லவோன் யோசிக்கவே இல்லை. தம்பி பேரைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். விவரமெல்லாம்தான் நாக்கு நுனியில் இருக்கிறதே.

விழுந்தது. மே மாதம், மூன்று ராத்திரி, நான்கு பேர். வெர்லின் ஸ்டோக்ஸ் என்ற பெயரில்.

நாங்கள் போட்ட கூத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் வெளியே வந்துவிட்டான். ட்ரூடி விசில் ஊதினாள், லவோன் மேசையைச் சுற்றி ஆடினாள், நான் ஒரு பியரை உடைத்தேன். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் ட்ரூடி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிமுறைகளைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் ஈயாடவில்லை. அனுமதி யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆள் நேரில் வர வேண்டும். பள்ளத்தாக்குக்குள் இருக்கிற கிராமத்து அலுவலகத்தில் லைசென்ஸைக் காட்ட வேண்டும். பேரை மாற்ற முடியாது. அவர் வராவிட்டால் ஒருவருக்கும் இடம் இல்லை.

தபால் பெட்டிக்கு வண்டியில் போகிறவனை எட்டு மைல் நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். லவோன் மாட்டிறைச்சியை உருளைக்கிழங்கோடு மெல்லிய தீயில் வேகவைத்திருந்தாள், அது அவனுக்கு உயிர். அப்புறம் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை. ஒரு துண்டு முடிந்ததும் கேட்காமலே இன்னொன்று வைத்தாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“அக்கா, நீ ரெண்டாவது துண்டு வெக்கறேன்னா யாரோ செத்துட்டாங்க. இல்லன்னா எங்கிட்ட ஏதோ வேணும். யாரு செத்தது?”

“யாரும் சாகலடா. சாப்பிடு.”

“அப்ப என்ன வேணும்?”

சொன்னாள். சுற்றி வளைத்து, பதிவு பற்றி, விதிமுறை பற்றி, அவனுடைய அதிர்ஷ்டம் பற்றி எல்லாம் சொன்னாள். அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு தூரம்?”

“கிராமத்துக்கு எட்டு மைல். அப்புறம் கூடாரம் போடற இடத்துக்குக் கொஞ்சம். எல்லாம் கீழ்நோக்கித்தான், நோகவே நோகாது.”

“திரும்பி வரும்போது?”

“மேல்நோக்கி,” என்றேன் நான்.

“உங்களை யார் கேட்டது?” என்று லவோன் என் பக்கம் திரும்பினாள்.

வெர்லின் தட்டில் மிச்சமிருந்த ஆப்பிள் பையைப் பார்த்தான். “என்னைக் கேக்காமயே என் பேரைப் போட்டிருக்கே.”

“விழும்னு நெனைக்கலடா.”

“நான் போகலன்னா?”

“நாங்களும் போக முடியாது.” அதைச் சொல்லும்போது லவோன் மேசைக்கடியில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள், பழக்கம். அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

“சரி,” என்றான். “ஆனா என் மூட்டையை நான் தூக்க மாட்டேன். கோவேறு கழுதை இருக்குமே.”

கழுதையெல்லாம் ட்ரூடியிடம் நடக்குமா? நம் மூட்டையை நாம்தான் தூக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. அடுத்த சனிக்கிழமையே உயர்நிலைப் பள்ளி ஓட்டத் திடலில் வெர்லினை நிறுத்திவிட்டாள். முதுகுப்பைக்குள் நாய்த் தீனி மூட்டை ஒன்றைத் திணித்து அவன் தோளில் மாட்டினாள். முதல் சுற்றின் பாதியிலேயே அவன் புல்லில் படுத்துவிட்டான்.

“எந்திரிங்க வெர்லின். உங்க வயசுல நான் எத்தனை மாரத்தான் ஓடினேன் தெரியுமா?”

“என் வயசுல உங்களுக்கு வேற வேலை இல்லை போல ட்ரூடி.”

விசில் ஊதினாள். எழுந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, வாரா வாரம் வந்தான். வாயால் முனகிக்கொண்டே காலால் நடந்தான். ஒரு மாதம் கழித்து ஒருநாள் காஸ் நிரப்பப் போன பண்ணையில் வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போயிருக்கிறான். பண்ணைக்காரர் பயந்துபோய் எனக்குப் போன் செய்து, மச்சானுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அடுத்து தபால் பெட்டிக்கும் நடந்தான். பெல்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. நான் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிற கராஜில் இருக்கிற துளைப்பானால் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் சமையலறை மேசை போர்க்களம் மாதிரி ஆகிவிட்டது. நடுவில் மீன் நிறுக்கிற தராசு. ட்ரூடி ஒவ்வொரு சாமானாகத் தொங்கவிட்டு நிறுப்பாள், ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளிப்பாள். எல்லோருடைய பல் துலக்கிகளையும் வாங்கி ரம்பத்தால் பாதியாக அறுத்துவிட்டாள், கனம் குறைகிறதாம்.

வெர்லின் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல பாதிப் பல்லுதானே தேய்க்க முடியும்? மீதியை வீட்ல விட்டுட்டு வரணுமா?”

அவனுடைய இரும்பு வாணலிதான் பெரிய சண்டை. ட்ரூடி பையிலிருந்து எடுத்து வெளியே வைப்பாள், அவள் திரும்பினதும் அவன் உள்ளே வைப்பான். கொதிநீர் ஊற்றினால் சாப்பாடாகிற பொட்டலங்களை அவன் நம்பவில்லை. ஒன்றைச் செய்து ருசி பார்க்கக் கொடுத்தோம். மென்று பார்த்துவிட்டு, “என் நாய் பிஸ்கட்டே தேவலை,” என்றான், தெரிந்துதான் பேசுகிறான். அங்கே அணில்கள் பையைக் கடித்துச் சாப்பாட்டைத் திருடும், அதனால் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி வேண்டும் என்று லவோன் வாங்கி வைத்தாள். கிராமத்து எல்லைக்குள் பியர் கூடாது என்பது மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. அதைத் தானாகவே ஒருநாள் படித்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் போலத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “மூணு ராத்திரி,” என்று மட்டும் சொன்னான்.

இந்த அமளியில் லவோன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷமாக அவளை அப்படிப் பார்த்ததில்லை. சாமான் அடுக்குவாள், பிரிப்பாள், மறுபடி அடுக்குவாள். கடலை வெண்ணெயும் சோள ரொட்டியும் எத்தனை என்று சமையலறைக்காரி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்நூறு பேருக்குச் சமைத்த கைக்கு நான்கு பேருக்கு அளவு வராது, எப்போதும் கூடிவிடும். ட்ரூடி தராசைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ட்ரூடி கடைசி ஒத்திகை வைத்தாள். முழு மூட்டையோடு ஹுவாலபாய் மலைப் பூங்காவில் ஏறி இறங்க வேண்டும். ஏறினோம். இறங்கும்போது லவோன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு. ஒரு கல்லில் கால் வைத்தாள், கல் நகரவில்லை, முழங்கால் நகர்ந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை, “ஐயோ, இப்பவா,” என்றுதான் சொன்னாள்.

வெர்லின் தன் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். சாய்வு நாற்காலியில் கிடந்த ஆளா இவன் என்று ட்ரூடியே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வழியெல்லாம் லவோன் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள், இறக்கிவிடு, நான் நடப்பேன் என்று.

டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது. சமதரையில், முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு, கோல் ஊன்றி, மெல்லக் கொஞ்ச தூரம் போகலாம். எட்டு மைல் மலையிறக்கத்தை நினைத்தும் பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து காலை நாற்காலியில் நீட்டிவைத்து ஐஸ் கட்டிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றோம். அவள்தான் முதலில் பேசினாள்.

“மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. நீங்க மூணு பேரும் போங்க. நான் சாப்பாடெல்லாம் கட்டிக் கொடுக்கறேன். படம் எடுத்துட்டு வாங்க.”

“ஹெலிகாப்டர் இருக்கே,” என்றேன். மேலேயிருந்து கிராமத்துக்கு ஹெலிகாப்டர் பறக்கும். வரிசையில் காத்திருந்தால் இடம் கிடைக்கும்.

“அது சிமெண்ட் மூட்டைக்கும் கிழவிங்களுக்கும். பறந்துபோய் அருவியைப் பாக்கறதுக்கு நான் வீட்ல டிவியிலயே பாத்துக்கறேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது நடந்து போகணும்னுதான். அதைப் பத்திப் பேசாதீங்க.”

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். எனக்கு அவளைத் தெரியும். ராத்திரியே நானும் போகவில்லை என்று சொன்னேன், கேட்க மாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆனால் அழுதாள். தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள், நான் தூங்குகிறேன் என்று நினைத்து.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ட்ரூடி, இருக்கிற மூன்று பேருக்கு எடையை எப்படிப் பிரிப்பது என்று ஆரம்பித்தாள். வெர்லின் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“என் பேர்லதானே அனுமதி?”

“ஆமா,” என்றாள் ட்ரூடி.

“நான் வராம யாரும் போக முடியாது?”

“அதுக்குத்தானே உங்களை இந்தப் பாடு படுத்தினோம்?”

“அப்ப நான் வரலை.” லைசென்ஸை எடுத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான். “அக்கா வந்தா வரேன். இல்லன்னா இல்லை.”

ட்ரூடி எழுந்தே விட்டாள். “என்ன வெளையாடறீங்களா? ஆறு வருஷம் வெர்லின். ஆறு வருஷம். உங்களை நடக்க வெச்சதுக்கே எனக்கு ஒரு மெடல் கொடுக்கணும். இப்ப வந்து வரலைன்னா?”

“மெடல் நான் வாங்கித் தரேன். ஆனா வரலை.”

“ஹார்லன், உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க.”

நான் தராசை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவனை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது.

லவோன் முகம் சிவந்துவிட்டது. “என்னை மிரட்டறியாடா?”

“ஆமா.”

“நான் சோறு போட்டு வளத்தவ.”

“அதனாலதான்.” அவன் குரல் உயரவே இல்லை. “நீ என்னைக் கேட்டா என் பேரைப் போட்டே? இல்லையில்ல? மூணு மாசமா நாய்த் தீனியைத் தூக்கிட்டு சுத்தினேன். எதுக்கு? எனக்கு அருவி வேணும்னா? எனக்கு நாற்காலி போதும்கா. நீ அந்தத் தண்ணியில காலை வெக்கறதைப் பாக்கத்தான் நடந்தேன். நீ இங்க உக்காந்துட்டா நான் போய் என்ன பண்ணுவேன்? அந்த அணிலுங்களோட பேசிட்டிருக்கவா?”

“நடந்து போகணும்டா எனக்கு. பறந்து போறதுல என்ன இருக்கு?”

“அங்க போய்ச் சேர்றது இருக்கு. உன் பங்கு நடையை நான் நடக்கறேன். நீ பறந்து வா. இல்லன்னா யாரும் போக வேண்டாம், ட்ரூடி என்னைச் சாகற வரைக்கும் விசில் ஊதியே கொல்லட்டும்.”

ட்ரூடி மெல்ல உட்கார்ந்தாள். லவோன் ஐஸ் பையைக் காலிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த வாணலியைக் கொண்டுவா. நானும் அதுவும் பறந்து வரோம்,” என்றாள்.

ட்ரூடி தராசை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அவள் தோற்று நான் பார்த்த ஒரே தடவை அதுதான்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் லவோனை ஹெலிகாப்டர் வரிசையில், மடக்கு நாற்காலியில், சாப்பாட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் விடிந்ததும் இறங்கினோம். வாணலி அவள் மடியில் இருந்தது. ட்ரூடி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். முதல் வளைவுகளில் வெர்லின் பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தான், கீழே பார்க்கவில்லை. கோவேறு கழுதைகள் மூட்டைகளோடு வரிசையாக வந்தபோது சுவரோடு ஒண்டிக்கொண்டு அவற்றைப் பொறாமையோடு பார்த்தான். அப்புறம் காய்ந்த ஆற்றுப்படுகை, இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், முடியாத மணல். வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. உள்ளே லவோன்தானா என்று தெரியாது, இருந்தாலும் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அதற்கப்புறம் போனதற்கும் ஆட்டினான், அதற்கப்புறம் போனதற்கும். சந்தேகத்துக்கு எல்லாவற்றுக்கும் ஆட்டுவதென்று முடிவு செய்துவிட்டான்.

கிராமத்தில் மர நிழலில் லவோன் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி தின்ற பொரித்த ரொட்டி, பக்கத்தில் யாருடைய குதிரையோ. எங்களைப் பார்த்ததும் திட்டத் தயாராக வாயைத் திறந்தாள், வெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தூசியில் அவனுடைய புருவமே தெரியவில்லை. அவன் நேரே அலுவலகத்துக்குள் போய் லைசென்ஸை நீட்டினான். உள்ளே இருந்த பெண்மணி அவனையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான்கு பேருக்கும் கைப்பட்டை எடுத்துக் கொடுத்தார். அவன் முதலில் அக்காவின் மணிக்கட்டில்தான் கட்டினான்.

அங்கிருந்து அருவிக்குப் போகிற வழி மெல்லிய சரிவு. லவோன் பட்டை கட்டி, கோல் ஊன்றி, ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்தடிக்கு ஒருதரம் நின்றோம். ட்ரூடிகூட நின்றாள், விசிலைத் தொடவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் ஒரு திருப்பத்தில் வலது பக்கம் பாறை விலகி, கீழே அருவி மொத்தமாகத் தெரிந்தது.

படத்தில் பார்த்த நிறத்தைப் பொய் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பொய் இல்லை.

லவோன் நின்றுவிட்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. அருவியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“நடந்து வந்திருந்தாலும் இவ்வளவுதான் இருந்திருக்கும், இல்லடா?”

வெர்லின் ஒரு பாறையில் சரிந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

“நடந்து வந்தவன் சொல்றேன் கேளு. எனக்குக் கால் வலியைத் தவிர எதுவுமே தெரியலை. நீ நல்லாப் பாத்து எனக்குச் சொல்லுக்கா.”

அவள் கோலைக் கீழே போட்டுவிட்டு, அடிபட்ட காலை நீட்டிக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கண்ணை மூடி அவள் தோளில் சாய்ந்துகொண்டான். அவள் அருவியின் உச்சியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.